பூமிக்கு அடியில் ஓடும் கேஸ்: காவல் யார்?

சென்னை,

தெருவை வெட்டுகிறார்கள். குழாய் பதிக்கிறார்கள். மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அது மெட்ரோ வாட்டர் குழாயா, மின்சார கேபிளா, கேஸ் குழாயா? எதிரே கடை வைத்திருப்பவருக்கே பல சமயம் தெரிவது இல்லை.

தண்ணீர் குழாய் உடைந்தால் தெருவில் தண்ணீர் ஓடும். நாலு பேர் சத்தம் போடுவார்கள். கேஸ் குழாய் உடைந்தால் என்ன ஆகும்?

ஆந்திராவில் ஒரு கிராமமும், அமெரிக்காவில் ஒரு ஊரும் இந்தக் கேள்விக்கு உயிரைக் கொடுத்து பதில் சொல்லி இருக்கின்றன.

இரண்டு இடத்திலும் விசாரணை நடந்தது. இரண்டிலும் ஒரே மாதிரி குறைதான் தெரிய வந்தது. குழாய் எப்படிப்பட்டது, அதற்குள் என்ன ஓடுகிறது என்பதை கம்பெனிக்கு வெளியே இருந்து யாரும் சரியாகப் பார்க்கவில்லை.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

விடிகாலையில் பற்றிய தீ

ஆந்திராவில் அந்தக் கிராமத்தின் பெயரே "நகரம்". அப்போது கிழக்கு கோதாவரி மாவட்டத்தில் இருந்தது. இப்போது கோனசீமா மாவட்டத்தில் இருக்கிறது. தென்னந்தோப்பும் வயலும் நிறைந்த ஊர்.

ஊரை ஒட்டி 18 அங்குல கேஸ் குழாய் போகிறது. மத்திய அரசு நிறுவனமான "கெயில்" பதித்த குழாய். எண்ணெய் வயல் பகுதியான தாட்டிபாக்காவில் இருந்து விஜயவாடா பக்கம் உள்ள மின்சார நிலையத்துக்கு கேஸ் கொண்டு போனது.

2014-ம் ஆண்டு ஜூன் 27-ந் தேதி. வெள்ளிக்கிழமை. பொழுது விடியவில்லை. ஜனங்கள் தூங்கிக்கொண்டு இருந்தார்கள்.

குழாயில் கசிந்த கேஸ் பனிமூட்டம் போல ஊரைச் சூழ்ந்து நின்றது. யாரோ அடுப்பு பற்ற வைத்தபோது தீ பிடித்ததாகக் கூறப்பட்டது. ஒரே நொடிதான். வீடுகள், கடைகள், தென்னை மரங்கள் எல்லாம் எரிந்தன.

20-க்கும் மேற்பட்டவர்கள் உடல் கருகி பரிதாபமாக இறந்தார்கள். இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் உண்டு.

"கேஸ் கசிகிறது என்று முன்பே சொன்னோம். யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை" என்று ஊர் மக்கள் குமுறினார்கள்.

உலர்ந்த கேஸ், ஈர கேஸ்

விசாரணையில் வெளிவந்த விஷயம் திடுக்கிட வைப்பதாக இருந்தது.

அந்தக் குழாய் உலர்ந்த கேசுக்காகப் போடப்பட்டது. ஆனால் அதில் ஓடியதோ ஈரம் கலந்த கேஸ்.

கிணற்றில் இருந்து வரும் கேசில் தண்ணீர் இருக்கும். கரியமில வாயுவும் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் அமிலம் ஆகிவிடும். அந்த அமிலம் இரும்பை உள்ளே இருந்தே அரிக்கும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். உள்ளே குழாய் காகிதம் மாதிரி மெலிந்துகொண்டே வரும்.

கேசில் உள்ள ஈரத்தைப் பிரித்து எடுத்துவிட்டுத்தான் குழாயில் விடவேண்டும். அதற்கு உரிய எந்திர ஏற்பாடு சரியாகச் செய்யப்படவில்லை.

விதி இல்லாமல் போகவில்லை. குழாய்களின் நிலையை தொடர்ந்து சோதித்துப் பராமரிக்க வேண்டும் என்று 2012-லேயே மத்திய ஒழுங்குமுறை வாரியம் விதி போட்டது. விபத்து நடந்ததோ 2014-ல்.

விதி இருந்தது. விதிப்படி நடக்கிறதா என்று போய்ப் பார்த்த கண்தான் இல்லை.

"விமானம் விழுந்துவிட்டது!"

இந்தியாவில்தான் இப்படி, வெளிநாட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் கலிபோர்னியா கதையைக் கேட்கவேண்டும்.

சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது சான் புருனோ என்ற ஊர். 2010-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி மாலை 6 மணி 11 நிமிடம். ஆபீஸ் முடிந்து ஆட்கள் வீடு திரும்பும் நேரம்.

பயங்கர சத்தம். வானளாவிய தீ. விமானம்தான் விழுந்துவிட்டது என்று ஜனங்கள் அலறி அடித்துக்கொண்டு ஓடினார்கள்.

விழுந்தது விமானம் அல்ல. தெருவுக்கு அடியில் போன 30 அங்குல கேஸ் குழாய் வெடித்தது. 1956-ல் பதித்த குழாய் அது.

28 அடி நீளமுள்ள குழாய்த் துண்டு பிய்த்துக்கொண்டு கிளம்பியது. அதன் எடை ஒன்றே கால் டன்னுக்கு மேல். 100 அடி தள்ளிப்போய் விழுந்தது. தெருவில் 72 அடி நீளம், 26 அடி அகலத்துக்குப் பள்ளம் விழுந்தது.

8 பேர் செத்தார்கள். 38 வீடுகள் சாம்பல் ஆயின. இன்னும் 70 வீடுகள் சேதம் அடைந்தன.

95 நிமிடம் எரிந்த கேஸ்

குழாய் வெடித்த பிறகு கேசை நிறுத்த எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? 95 நிமிடம்!

தானாக மூடும் வால்வு இல்லை. தூரத்தில் இருந்து பட்டனை அழுத்தி மூடும் வசதியும் அந்த இடத்தில் இல்லை. ஆட்கள் வண்டி எடுத்துக்கொண்டு, மாலை நேர டிராபிக்கில் புகுந்து போய், கையால் திருகி மூடினார்கள். அதுவரை அணைக்க வழி இல்லாமல் தீ எரிந்துகொண்டே இருந்தது.

அதைவிட பெரிய அதிர்ச்சி பிறகுதான் வந்தது.

பசிபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக் என்ற கம்பெனியின் ரிக்கார்டில் அந்தக் குழாய் "தையல் இல்லாதது" என்று எழுதி இருந்தது. அதாவது நீளவாக்கில் வெல்டிங் இல்லாத குழாய்.

உடைந்த துண்டை எடுத்துப் பார்த்தால் நீளவாக்கில் வெல்டிங்! அதுவும் அரைகுறை வெல்டிங். சின்னச் சின்னத் துண்டுகளை ஒட்டுப்போட்டு அந்த இடத்தில் சேர்த்து இருந்தார்கள்.

ரிக்கார்டில் ஒரு குழாய். மண்ணுக்குள் வேறு குழாய். 54 வருஷம் இது யாருக்கும் தெரியாமல் இருந்தது.

சோதனைக்கு விலக்கு கொடுத்தது யார்?

தப்பு கம்பெனியோடு முடிந்துவிடவில்லை.

குழாயில் தண்ணீரை நிரப்பி, கேஸ் ஓடும் அழுத்தத்தை விட அதிக அழுத்தம் கொடுத்துப் பார்ப்பது ஒரு சோதனை. வெல்டிங் பலவீனமாக இருந்தால் தண்ணீரிலேயே தெரிந்துவிடும். உயிர்ச்சேதம் இருக்காது.

கலிபோர்னியா மாநிலம் 1961-ல் புதுக் குழாய்களுக்கு இந்தச் சோதனையைக் கட்டாயம் ஆக்கியது. அமெரிக்க மத்திய அரசு 1970-ல் நாடு முழுவதும் விதி போட்டது. ஆனால் இரண்டு விதியிலும் ஏற்கெனவே மண்ணில் கிடந்த பழைய குழாய்களுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள்.

எந்தக் குழாயை முதலில் சோதிக்க வேண்டுமோ அதை விட்டுவிட்டார்கள். சான் புருனோ குழாய் அந்த விலக்கில் தப்பிய குழாய்தான்.

கண்காணிக்க வேண்டிய மாநில ஆணையம் கம்பெனியின் குறைகளைக் கண்டுபிடிக்கத் தவறிவிட்டது என்று அமெரிக்க தேசிய போக்குவரத்து பாதுகாப்பு வாரியம் 2011-ல் கொடுத்த அறிக்கையில் கூறியது.

பிறகு 2014-ல் இன்னொரு பூதம் கிளம்பியது. கம்பெனி அதிகாரிகளும் ஆணையத்தில் இருந்தவர்களும் தனிப்பட்ட முறையில் எழுதிக்கொண்ட மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. கேசை எந்த நீதிபதி விசாரிக்க வேண்டும் என்பது வரை பேச்சு நடந்தது அம்பலம் ஆயிற்று. போலீஸ்காரரும் பிக்பாக்கெட்டும் ஒரே டீக்கடையில் உட்கார்ந்த கதைதான்.

10 ஆயிரம் கோடி ரூபாய் அபராதம்

ஆனால் அதன் பிறகு நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும்.

2011-ல் கலிபோர்னியா சட்டசபை சட்டம் போட்டது. கேஸ் கம்பெனிக்கு லாபத்தை விட பாதுகாப்புதான் முதல் வேலை. பாதுகாப்புத் திட்டத்தை எழுதி ஆணையத்திடம் கொடுக்க வேண்டும்.

பழைய குழாய்க்கு இருந்த விலக்கு போயிற்று. சோதித்ததற்கு ரிக்கார்டு இல்லாத குழாயை எல்லாம் சோதிக்க வேண்டும், இல்லாவிட்டால் மாற்றவேண்டும் என்று ஆணையம் உத்தரவு போட்டது. நூற்றுக்கணக்கான மைல் நீளக் குழாய்கள் தண்ணீர் சோதனைக்கு வந்தன. கையால் திருகிய வால்வுகள் பல இடங்களில் தானாக மூடும் வால்வுகள் ஆயின.

2015 ஏப்ரலில் அபராதம் விழுந்தது. 160 கோடி டாலர்! அன்றைய மதிப்பில் சுமார் 10 ஆயிரம் கோடி ரூபாய். அதில் பாதிக்கு மேல், அதாவது 85 கோடி டாலரை, பங்குதாரர் பணத்தில் இருந்து எடுத்து குழாய் பாதுகாப்புக்கே செலவு செய்யவேண்டும் என்று உத்தரவு.

2016-ல் கோர்ட்டு ஜூரிகள் அந்தக் கம்பெனியை 6 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று தீர்ப்புக் கூறினார்கள்.

அதோடு கம்பெனி திருந்திவிட்டதா? இல்லை.

தெருவைத் தோண்டுகிறவர்கள் முன்கூட்டி தகவல் சொன்னால், குழாய் எங்கே போகிறது என்று கம்பெனி ஆள் வந்து குறி போட்டுக் காட்டவேண்டும். சரியான நேரத்தில் போகாமலே போனதாக 2012 முதல் 2017 வரை பொய்க் கணக்கு எழுதியதாக ஆணையம் 2018-ல் குற்றம் சாட்டியது. 2020-ல் 11 கோடி டாலர் அபராதம் போட்டது.

ஒரு தடவை அடித்துவிட்டு ஆணையம் தூங்கப் போயிருந்தால் இந்தப் பொய் வெளியே வந்திருக்காது. பெரிய அபராதம் போட்டால் மட்டும் போதாது, தொடர்ந்து பார்க்கவும் வேண்டும் என்பது இதில் இருந்து தெரிகிறது.

மத்திய சட்டம், மாநில இன்ஸ்பெக்டர்

அமெரிக்காவில் குழாய்ப் பாதுகாப்புச் சட்டம் மத்திய அரசு சட்டம்தான். 1968-ல் போட்டது. ஆனால் மாநிலத்துக்கு உள்ளேயே ஓடும் குழாய்களைச் சோதிக்கும் வேலையை, தகுதி காட்டும் மாநிலங்களிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். அதற்கு ஆகும் செலவில் 80 சதவீதம் வரை மத்திய அரசு கொடுக்கலாம்.

மத்திய விதிதான் குறைந்தபட்சம். அதற்கு மேல் கண்டிப்பாக இருக்க விரும்பும் மாநிலம் தன் எல்லைக்குள் ஓடும் குழாய்க்கு இன்னும் கடுமையான விதி போடலாம். ஊரில் இருப்பவனே ஊர்க் குழாயைப் பார்க்கிறான்.

இந்தியாவில் எப்படி?

எண்ணெயும் கேசும் அரசியல் சட்டத்தின் மத்திய பட்டியலில் இருக்கின்றன. 1962-ம் வருஷத்து சட்டப்படி குழாய் போகும் நிலத்தின் உபயோக உரிமையை மத்திய அரசு எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பட்டையில் வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது.

2006-ல் பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியச் சட்டம் வந்தது. வாரியம் டெல்லியில் இருக்கிறது. குழாய் எப்படி இருக்கவேண்டும், விபத்து நடந்தால் என்ன செய்யவேண்டும் என்பதற்கு எல்லாம் விதிகள் போட்டு இருக்கிறது. விதிகளைப் படித்தால் குறை சொல்ல அதிகம் இல்லை.

ஆனால் ஆய்வுக்கு ஆள்? வாரியம் பட்டியலில் சேர்த்த ஆய்வு நிறுவனங்கள் பார்க்கின்றன. அவர்களுக்கு பீஸ் கொடுப்பது குழாய் கம்பெனி. பரீட்சை எழுதும் பையனே பேப்பர் திருத்தும் வாத்தியாருக்கு சம்பளம் கொடுக்கிற மாதிரி இது.

அபராதம்? 2006-ம் ஆண்டு சட்டம் போட்ட உச்சவரம்பு ஒரு தப்புக்கு 1 கோடி ரூபாய். தொடர்ந்து தப்பு செய்தால் நாள் ஒன்றுக்கு 10 லட்சம். ஆயிரக்கணக்கான கோடி புரளும் கம்பெனிக்கு இது எந்த மூலைக்கு?

தமிழ்நாட்டின் கை கட்டி இருக்கிறது

கொச்சியில் இருந்து பெங்களூருக்குப் போகும் கேஸ் குழாயை கோவை, திருப்பூர், ஈரோடு உள்பட 7 மாவட்ட விவசாயிகள் எதிர்த்தது பலருக்கு நினைவு இருக்கும். விளைநிலம் வேண்டாம், ரோட்டோரமாகக் கொண்டு போங்கள் என்று 2013-ல் தமிழக அரசும் சொன்னது.

ஐகோர்ட்டிலும் அரசு தோற்றது. 2016 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டிலும் தோற்றது. குழாய் எந்த வழியில் போகவேண்டும் என்பதில் மாநில அரசு சொல்வது எடுபடாது என்று ஆகிவிட்டது.

குழாய் கசிந்த பிறகுதான் மாநிலத்துக்கு வேலை வருகிறது.

2013-ல் தண்டையார்பேட்டையில் கிணற்றுத் தண்ணீரிலும் போர் தண்ணீரிலும் எண்ணெய் கலந்து வந்தது. துறைமுகத்தில் இருந்து எண்ணெய் கொண்டு வரும் குழாயில் கசிவு. குடிக்கத் தண்ணீர் இல்லாமல் ஜனங்கள் தவித்தார்கள். விவகாரம் பசுமை தீர்ப்பாயம் வரை போயிற்று.

2023 மார்ச்சில் நாகப்பட்டினம் பக்கம் பட்டினச்சேரி கடலோரத்தில் கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்தது. மீனவர்கள் கடலுக்குப் போகாமல் போராட்டத்தில் குதித்தார்கள். அதன் பிறகே குழாயை எடுத்துவிடும் பேச்சு வந்தது.

இரண்டு இடத்திலும் முதலில் கண்டுபிடித்தது இன்ஸ்பெக்டர் அல்ல. தண்ணீர் இறைத்தவரும், கரையில் நின்ற மீனவரும்தான்.

இப்போது கேஸ் குழாய் இன்னும் பெருகி வருகிறது. 2019-ல் எண்ணூரில் திரவ எரிவாயு முனையம் திறக்கப்பட்டது. அங்கிருந்து தூத்துக்குடி, பெங்களூர் வரை கிளைகளோடு 1,400 கிலோ மீட்டருக்கு மேல் குழாய்த் திட்டம். சென்னையிலும் திருவள்ளூரிலும் வீட்டு அடுப்புக்கே குழாயில் கேஸ் கொடுக்கும் உரிமை 2018-ல் வழங்கப்பட்டது.

பயந்து ஓட வேண்டுமா?

வேண்டியது இல்லை.

தெருவில் போகும் பிளாஸ்டிக் குழாயில் அழுத்தம் அதிகபட்சம் சுமார் 4 பார்தான். சான் புருனோ குழாயில் இருந்தது அதைப்போல 6 மடங்குக்கு மேல். வீட்டு அடுப்புக்கு வரும்போது அழுத்தம் மிகமிகக் குறைந்துவிடும். கசிந்தால் தெரியட்டும் என்று கேசில் வாசனையும் கலக்கிறார்கள்.

குழாயே வேண்டாம் என்றால் கேஸ் லாரியில் வரவேண்டும். 2025 ஜனவரியில் கோவை அவினாசி ரோடு மேம்பாலத்தில் கேஸ் டேங்கர் கவிழ்ந்தது. சுற்றிலும் இருந்த பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள். நல்லவேளை, தீ பிடிக்கவில்லை. அதற்கு சில நாள் முன்பு, 2024 டிசம்பரில், ஜெய்ப்பூர் ரோட்டில் டேங்கர் மோதி தீப்பிடித்ததில் பலர் கருகி இறந்தார்கள்.

லாரியை விட குழாய் பத்திரம்தான். ஆனால் லாரி கண்ணுக்குத் தெரியும். குழாய் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத பொருளுக்குத்தான் காவல் அதிகம் தேவை.

"இன்னொரு இன்ஸ்பெக்டரா? இன்னொரு மாமூல்தான்" என்று கடைக்காரர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் நியாயம் இருக்கிறது. கலிபோர்னியாவிலும் ஆணையமும் கம்பெனியும் கைகோர்த்ததால்தான் மோசம் வந்தது.

அதற்கு மருந்து இன்ஸ்பெக்டரே வேண்டாம் என்பது அல்ல. இன்ஸ்பெக்டர் எழுதியதை ஊரே படிக்கும்படி செய்வதுதான்.

என்ன செய்யலாம்?

சட்டத்தை மத்திய அரசு வைத்துக்கொள்ளட்டும். சோதிக்கும் அதிகாரத்தில் மாநிலத்துக்கும் பங்கு கொடுக்கலாம். அதற்கு டெல்லி மனது வைக்கவேண்டும். மாநிலமும் தகுதியான என்ஜினீயர்களை நியமிக்க வேண்டும். ஆய்வுக் கட்டணத்தை கம்பெனி நேரடியாக ஆய்வாளரிடம் கொடுக்காமல் வாரியத்தில் கட்டலாம்.

எந்தக் குழாய், எந்த வருஷம் போட்டது, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்ற மூன்று தகவலையும் கார்ப்பரேஷன் வார்டு ஆபீஸ் போர்டில் ஒட்டலாம். இதற்கு பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

ஜன நெருக்கடி உள்ள இடங்களில் தானாக மூடும் வால்வு கட்டாயம் ஆகவேண்டும். அமெரிக்காவிலேயே, புதிதாகப் போடும் பெரிய குழாய்களில் வெடிப்பு தெரிந்த 30 நிமிடத்துக்குள் வால்வு மூடவேண்டும் என்ற விதி 2022-ல்தான் வந்தது. சான் புருனோ நடந்து 12 வருஷம் கழித்து! இங்கே அவ்வளவு காலம் காத்திருக்க அவசியம் இல்லை.

தோண்டுவதற்கு முன்பு குழாய்க்காரருக்குத் தகவல் கொடுக்க 2023 மார்ச்சில் மத்திய அரசு ஒரு செல்போன் வசதியைத் தொடங்கியது. மின்வாரியம், குடிநீர் வாரியம், கேபிள் காண்டிராக்டர் யாராக இருந்தாலும் தகவல் கொடுத்த ரசீதைக் காட்டினால்தான் தெருவை வெட்ட அனுமதி என்று கார்ப்பரேஷன் விதி போடலாம். இதற்கு டெல்லி வரை போகவேண்டியது இல்லை.

இந்தச் செலவு எல்லாம் கடைசியில் கேஸ் பில்லில்தானே ஏறும் என்று கேட்கலாம். ஒரு பகுதி ஏறத்தான் செய்யும். கலிபோர்னியாவிலும் ஏறியது. எவ்வளவு ஏறலாம், எவ்வளவு கம்பெனி லாபத்தில் இருந்து வரவேண்டும் என்று பகிரங்கமாக விசாரித்து முடிவு செய்வதும் கண்காணிப்பாளர் வேலைதான்.

பொதுமக்கள் கவனத்துக்கு

கேஸ் வாசனை வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. தீக்குச்சி கிழிக்கக் கூடாது. கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். வெளியே வந்த பிறகுதான் போன் செய்யவேண்டும். தீயணைப்பு நிலையத்துக்கு 101 அல்லது 112. குழாய் போகும் பாதையில் நட்டு இருக்கும் எச்சரிக்கைப் பலகையில் கம்பெனியின் அவசர நம்பர் இருக்கும். அந்த நம்பரை இன்றைக்கே குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

பலகை இல்லாவிட்டால் கார்ப்பரேஷனில் புகார் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கவேண்டும். நகரம் கிராமத்து ஜனங்கள் வாயால் சொன்னார்கள். யாரிடம் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள் என்பதற்கு அவர்கள் கையில் ஒரு சீட்டு இருந்திருந்தால் அதிகாரிகள் அவ்வளவு சுலபமாகத் தட்டிக் கழித்திருக்க முடியாது.